ஜீப் ஏறிய கரையும் பன்னிரண்டாம் படியும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வாய்க்கால் கரை மேல் ஜீப் ஓடினால் கரை இறுகும் என்று நான் நம்பினேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மனதார நம்பினேன். மண் கரையை அவ்வப்போது ரோலர் விட்டு இறுக்க வேண்டும். எங்கள் பிரிவு அலுவலகத்தில் ரோலர் கேட்டு எழுதிய கடிதங்கள்தான் கட்டுக்கட்டாக இறுகிக் கிடந்தன. இந்த நிலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு ஜீப்புகள் தாமாக வந்து, சொந்த டீசலை எரித்து, கரை மேல் ஏறி இறங்கினால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? "இலவச ரோலர்" என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அந்த மாத ஆய்வுக் குறிப்பேட்டில் "கரை நன்கு இறுகி நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். அந்தப் பக்கத்தில் பாராட்டும்படி இருந்தது அது ஒன்றுதான்.

பணி ஆய்வாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, அம்மணிகளே, நான் முழங்கால் மக்கர் பண்ணியதால் ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவன். நன்றாகச் செய்த வேலைகளைப் பற்றிச் சொன்னால் ஒரு தேநீர் குடிப்பதற்குள் முடிந்துவிடும். அதனால் இந்த ஒரு சொதப்பலைச் சொல்கிறேன். மட்டம் பார்ப்பது, அளவு எடுப்பது எல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள். கை நடுங்கும்போது என்ன செய்வது என்பதற்குப் பாடப் புத்தகம் கிடையாது.

எங்கள் பிரிவில் இருந்தது நொய்யலின் ஒரு துண்டு. மேற்கே மலையில் மழை பெய்தால் ஆற்றில் வருடத்துக்குச் சில நாட்கள் தண்ணீர் வரும். குறுக்கே ஒரு பழைய அணைக்கட்டு. அது தண்ணீரை மறித்து வாய்க்காலில் திருப்பும். வாய்க்கால் ஆற்றை ஒட்டியே கொஞ்ச தூரம் ஓடி, பிறகு ஊருக்குள் திரும்பிக் குளத்தில் விழும். வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு மண் கரை. அது சரியாக இருந்தால் தண்ணீர் குளத்துக்குப் போகும். எங்காவது தாழ்ந்திருந்தால் வந்த தண்ணீர் மறுபடி ஆற்றிலேயே விழுந்து, எங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிழக்கே போய்விடும். வாய்க்கால் காவலுக்கு இருந்த லஸ்கர் பணியிடம் காலி. அந்த வேலையும் என் தலையில்தான்.

குளத்து மதகில் கல் படிகள் உண்டு. குளத்துக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் வைத்திருந்த சரசக்காவுக்கு அந்தப் படிகள்தான் காலண்டர். கீழிருந்து எண்ணிப் பன்னிரண்டாம் படி முங்கினால் அவருடைய கிணற்றில் ஊற்று எடுக்கும். சின்ன வெங்காயம் நடுவார். முங்காவிட்டால் நட மாட்டார், மாட்டுக்குச் சோளத்தட்டு மட்டும் போட்டுக்கொண்டு ஊர் ஊராகக் களை வெட்டும் கூலி வேலைக்குப் போவார். "பதனொண்ணரைன்னெல்லாம் எங்கிட்டக் கணக்கு இல்லைங்" என்பார். அவருடைய அப்பா அடுத்தவர் தோட்டத்தில் ஆயுசு முழுக்கப் பண்ணையத்துக்கு இருந்தவர். அக்கா வாங்கிய முதல் சொந்த நிலம் அந்த ஒன்றரை ஏக்கர்.

பொழுதுபோக்குக்காக மேடுபள்ளத்தில் வண்டி ஓட்ட வரும் இந்த ஜீப்காரர்களுக்கு ஒரு தலைவர் இருந்தார். நகரத்தில், ஆர்.எஸ்.புரத்தில் அவருக்குப் பட்டுச்சேலைக் கடை. தங்கமான குணம். முதல் ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேடி வந்து கைகூப்பினார்.

"ஏனுங்க சார், ஆத்துக்குள்ள கொஞ்சம் வண்டி ஓட்டிப் பாத்துக்கறமுங்க. இப்படி ஏறி எறங்கிக்கலாங்களா?"

எங்கள் சீமையில் ஒருவர் இவ்வளவு மரியாதையாகக் கேட்டுவிட்டால் "கூடாது" என்று சொல்ல எங்களுக்கு நாக்கு திரும்பாது. அதற்குப் பதிலாக எப்படிச் செய்யலாம் என்று சொல்லிக்கொடுத்துவிடுவோம். நானும் சொல்லிக்கொடுத்தேன்.

"அக்கட்டால ஏறாதீங்க சார், அங்க செங்குத்தா இருக்குது. இந்தப் புங்கமரத்துக்கிட்டக் கரை கொஞ்சம் சரிவுங்க. இதுல ஏறுங்க, வண்டிக்கு நோகாது."

வண்டிக்கு நோகாது! கரைக்குச் சம்பளம் வாங்குகிறவன் வண்டிக்கு நோகுமா என்று கவலைப்பட்டேன். அவர் மகிழ்ந்துபோய் எனக்கு ஒரு தொப்பி கொடுத்தார். நெற்றியில் ஜீப் படம் போட்டது. வெயிலுக்கு நன்றாக இருந்தது. தினமும் போட்டுக்கொண்டேன்.

ஊர்க்காரர்களும் எனக்குக் குறைந்தவர்கள் இல்லை. ஆற்றுச் சேற்றில் ஜீப் மாட்டினால் யாராவது ட்ராக்டர் கொண்டுபோய் இழுத்து விடுவார்கள். இழுத்து விட்ட கையோடு மோரும் கொடுப்பார்கள். நகரத்தில் இந்தச் செய்தி பரவியது. அடுத்த மாதம் பதினெட்டு ஜீப் வந்தது.

சரசக்காதான் முதலில் சொன்னார். பால் கேனுடன் சைக்கிளை நிறுத்தி, "ஏனுங், அந்தப் புங்கமரத்துக் கரை முட்டிக்கால் அளவு எறங்கிப்போச்சு, பாத்தீங்களா?" என்றார்.

"இறுகுதுங்க்கா. மண்ணு இறுகுனா அப்படித்தான் எறங்கும்."

"அப்படீங்களா? படிச்சவிய சொன்னாச் சரிதானுங்" என்று சைக்கிளை மிதித்தார். அந்த மரியாதையில் இருந்த நக்கல் எனக்கு உறைக்க மூன்று வாரம் ஆயிற்று.

மூன்று வாரம் கழித்துப் புது உதவிப் பொறியாளர் வந்தார். கருமத்தம்பட்டிப் பக்கம் தறி ஓட்டும் குடும்பத்துப் பெண். என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். என்னை "அண்ணா" என்றே கூப்பிடுவார். ஆளும் சின்ன ஆள், என் தோளுக்குத்தான் வருவார். புங்கமரத்தடியில் கரையைப் பார்க்கக் கூட்டிப்போனேன், ஜீப் தொப்பியோடு.

"இங்கதானுங்க மேடம், நல்லா இறுகிருக்குது" என்று தடத்தில் இறங்கி, காலால் இரண்டு உதை உதைத்துக் காட்டினேன். நிமிர்ந்தால், மேடம் என்னைக் குனிந்து பார்க்கிறார். ஒரு கணம் இவர் எப்படி இவ்வளவு வளர்ந்தார் என்றுதான் யோசித்தேன். அவர் வளரவில்லை. சேதமில்லாத கரை மேல் அவர் நின்றார், ஜீப் தடத்துக்குள் நான் நின்றேன்.

"அண்ணா, ரோலர் ஒரே சீரா அமுக்கும். இந்த டயர் ஏறும்போது மண்ணைத் தோண்டிப் பின்னால வீசும். இது இறுகலைங்கண்ணா. காணாமப் போயிருக்கு." தடத்தின் ஓரத்தில் ஒரு பிடி மண்ணை உதிர்த்துக் காட்டிச் சொன்னார்: "ஒரு மைல் கரை எவ்வளவு உசரம்னு தண்ணி பாக்காது. அதுல எது தாழ்வோ, அதுதான் தண்ணிக்குக் கரை."

பிறகு என் நெற்றியைப் பார்த்தார். நானே தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் அவருடன் ஆற்றுக்குள் இறங்கி நடந்தேன். ஆண்டுக்கணக்காகக் கரை மேலேயே நடந்தவன் நான். ஆறு காய்ந்திருந்தால் அது சும்மா கிடக்கிற இடம் என்பது என் எண்ணம். ஜீப்காரர்களுடைய எண்ணமும் அதேதான். ஆனால் அந்தக் கோடையிலும் ஒரு வளைவில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. ஊர் மாடுகள் அதில்தான் குடிக்கும். அன்று அதன் மேல் எண்ணெய் படர்ந்து வானவில் போல மினுமினுத்தது. சரசக்காவின் மாடு வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, எங்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. நாணல் எல்லாம் பாய் விரித்ததுபோல் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. கூழாங்கல் திட்டில் ஆள்காட்டிக் குருவி ஒன்று எங்கள் தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது. மேடம் என் கையைப் பிடித்து நிறுத்தினார். என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி, கல்லோடு கல்லாக மூன்று முட்டைகள். நாலாவது ஒன்று இருந்த இடத்தில் டயர் அச்சு இருந்தது.

புறம்போக்கு என்றால் யாருக்கும் சொந்தமில்லாதது என்று நம் காதில் விழுகிறது. எல்லாருக்கும் சொந்தமானது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பட்டுச்சேலைக் கடைக்காரர் தன் கடை வாசலில் ஒருவர் சைக்கிளைச் சாய்த்து வைத்தாலே எடுக்கச் சொல்லுவார். ஆற்றுக்கு அப்படிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான் என்பதும், அந்த ஆள் தொப்பி வாங்கிக்கொண்டு வழி காட்டியிருக்கிறான் என்பதும் அன்றைக்கு ஒரேயடியாகப் புரிந்தது. எனக்கு ரோஷம் வந்தது. ரோஷம் வந்த முட்டாள் சும்மா இருக்கிற முட்டாளைவிட ஆபத்தானவன்.

முதலில் பலகை வைத்தேன். "இங்கு வாகனங்கள் செல்லக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்." சிவப்பு எழுத்து. அடுத்த ஞாயிறு வரிசையாக அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "போர்டு ரொம்ப உதவிங்க சார். புதுசா வாரவங்களுக்கு எங்க ஏறணும்னு சொல்றதுக்குள்ள தொண்டை வத்திப்போவுது. இப்ப, சிவப்புப் போர்டுக்கு வந்துருங்கன்னாப் போதுங்க."

அடுத்து, புங்கமரத்தடித் தடத்தில் பெரிய பெரிய பாறாங்கற்களை உருட்டி வைத்தேன். ஞாயிறு போய்ப் பார்த்தால் எனக்குக் கைத்தட்டல். "அருமைங்க சார்! இந்த ஏத்தம் கொஞ்சம் சப்புன்னு இருந்துச்சுங்க. எடது பக்கம் இன்னும் ரெண்டு கல்லுப் போட முடியுங்களா?"

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தடையைத் தாண்டுவதற்காகவே வண்டி வாங்கியவனுக்கு நான் தடை வைத்துக்கொண்டிருந்தேன். அது பசித்தவனை இலை போட்டு மிரட்டுகிற மாதிரி. எதிரே நிற்பவருக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் எடுக்கிற நடவடிக்கை எல்லாம் அவருக்குச் செய்கிற சேவையாகத்தான் முடியும்.

மூன்றாவதாக நான் செய்ததை மேடத்திடம் சொல்லவில்லை. ஜீப்புகள் புங்கமரத்துக்கு மேற்கே, ஒரு பனைமரத்துக்குப் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு தடம் போட ஆரம்பித்திருந்தன. நான் இரண்டு ஆட்களை வைத்து அந்த இடத்தில் கரைக்குக் குறுக்கே இடுப்பளவு குழி ஒன்றை வெட்டினேன். "கரையில கை வெக்காதீங்கண்ணா, மூட்டை அடுக்கி மேல ஏத்தலாம், நான் ஏற்பாடு பண்றேன்" என்று மேடம் இரண்டு நாள் முன்புதான் சொல்லியிருந்தார். நானும் "சரீங்க மேடம்" என்றிருந்தேன். ஆனால் அந்தக் குழி வேலை செய்தது. அந்தப் பக்கம் ஒரு ஜீப்கூட வரவில்லை. என் பலகையும் கல்லும் தோற்ற இடத்தில் என் குழி ஜெயித்தது. அந்தப் பெருமையை நான் மட்டும் தனியாக வைத்துச் சப்பிக்கொண்டிருந்தேன். முதல் தூறலில் கொடி படர்ந்து குழியை மூடியது. நானும் மறந்துபோனேன்.

மேடம் செய்த வேலை வேறு மாதிரி. மாவட்ட அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் கடிதம் எழுதினார். பதில் வருவதற்குள் ஊரில் ட்ராக்டர் வைத்திருப்பவர்களைக் கூட்டிப் பேசினார். "இனிமேல் ஜீப்பை இழுத்து விடாதீங்க. நீங்க இழுத்து விடறீங்கங்கற தைரியத்துலதான் ஆத்துக்குள்ள எறங்கறாங்க."

"கூப்புடறாங்களே அம்மணி. எப்படிப் போகாம இருக்கறது?" என்றார் ஒருவர். எல்லாரும் தலையாட்டினார்கள்.

"போங்க. மோரும் கொண்டுபோய்க் குடுங்க. ட்ராக்டரை மட்டும் ஊட்டுலயே உட்டுட்டுப் போங்க."

இரண்டு ஞாயிறு அப்படி மோர் மட்டும் போனது. ஜீப்புகள் பாதியாகக் குறைந்தன. புங்கமரத்தடியில் மண் நிரப்பிய மூட்டைகளை நான்கு வரிசை அடுக்கிக் கரையைப் பழைய உயரத்துக்கு ஏற்றினோம். வேறு எங்காவது கரை சேதமா என்று மேடம் கேட்டார். "இல்லைங்க மேடம்" என்றேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்புகூட இல்லாமல் சொன்னேன். பெருமைக்குரிய இடம் எப்படிச் சேதமாகும்?

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு. காலை பத்து மணிக்கு, எங்களுக்கு மேற்கே இருக்கும் இன்னொரு அணைக்கட்டிலிருந்து போன் வந்தது. மலையில் நல்ல மழை, ஆற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, எங்கள் இடத்துக்கு ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும். வருடம் முழுக்கக் காத்திருக்கிற செய்தி. வண்டியை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினேன்.

ஆற்றுக்குள் ஜீப்.

கரை வழி அடைத்துவிட்டதால் கிழக்கே பாலத்தடியில் இறங்கி, ஆற்றுக்குள்ளேயே மேற்கே வந்திருக்கிறார்கள். நான் கத்திய கத்தில் மற்ற வண்டிகள் திரும்பி வந்த வழியே ஓடிவிட்டன. தலைவருடைய வண்டி மட்டும் சேற்றில் கதவு வரை புதைந்து நின்றது. மாதக்கணக்காகக் காத்திருந்து வாங்கிய புது வண்டி. அதன் உள்ளேயே அவர் உட்கார்ந்திருந்தார். தப்பிப் போன மற்றவர்கள் சாலை வழியாகச் சுற்றி வந்து கரை மேல் நின்றார்கள். ஊர்க்காரர்களும் வந்துவிட்டார்கள். அதில் ஒருவர் பழக்கதோஷத்தில் ட்ராக்டரோடு வந்துவிட்டார்.

பாலத்தடி வழியாகச் சுற்றி வர ட்ராக்டருக்கு நேரம் போதாது, அது ஆற்றில் இறங்க மிச்சமிருந்த ஒரே வழி புங்கமரத்தடி. அங்கே மூட்டைகள். மூட்டைகளைப் பிரித்தால் ட்ராக்டர் இறங்கும், ஜீப்பை இழுக்கும். ஆனால் தண்ணீர் வருவதற்குள் மறுபடி அடுக்க நேரம் கிடையாது. குளத்துக்குப் போக வேண்டிய தண்ணீர் அந்த ஓட்டை வழியாக ஆற்றுக்கே போய்விடும்.

"பத்து நிமிசம் சார்! பிரிச்சு உடுங்க, இழுத்துட்டு நாங்களே அடுக்கித் தாரோம்!" என்று ஒரு பக்கம். "வண்டி போயிருமுங்க, பாவம், நல்ல மனுசன்" என்று ஊர்க்காரர்கள் மறு பக்கம். அதற்குள் இரண்டு பேர் எனக்கு யார் யாரையோ போனில் பிடித்துக் கொடுத்தார்கள். யாரோ பெரிய குரலில் "நான் யாருன்னு தெரியுமா?" என்றார். எனக்கு அப்போது நான் யார் என்பதே தெரியவில்லை. அங்கும் இங்கும் ஓடினேன். ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. மேடம் அண்ணன் கல்யாணத்துக்காகக் கருமத்தம்பட்டியில் இருந்தார். நடுங்குகிற விரலால் "மேடம்" என்ற பெயரைத் தேடி அழுத்தினேன். அந்தப் பக்கம் எடுத்தவுடன் மூச்சு விடாமல் கொட்டினேன்.

"மேடம், ஜீப் ஆத்துல மாட்டிக்கிச்சுங்க, தண்ணி வருதுங்க, மூட்டையப் பிரிக்கச் சொல்றாங்க, நீங்கதான் உத்தரவு சொல்லோணும் மேடம்!"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம்.

"வண்டிக்குள்ள ஆளு இருக்குதா?"

"ஒருத்தர் இருக்காருங்க."

"மொதல்ல அவர வெளிய கொண்டாங்க. வண்டி கெடக்குது. மூட்டையத் தொடக் கூடாது."

"சரீங்க மேடம்!" என்று விறைப்பாக நின்றேன். உத்தரவு என்றால் இதுவல்லவா உத்தரவு.

"அப்பறம், மத்தியானச் சோத்துக்கு வருவீங்களா, மாட்டீங்களா? கொழம்பு வெக்கறதா வேண்டாமா?"

என் மனைவியின் எண்ணை "மேடம் வீடு" என்று பதிந்து வைத்திருந்தேன். பதிந்தபோது அது எனக்கு ஒரு பெரிய நகைச்சுவையாகத் தெரிந்திருந்தது. ஆனால் கண்ணுகளா, அவசரத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை, அந்தக் கூட்டத்தில் இருந்த நாற்பது பேரில் ஒருவரும் கேட்காததை, குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவர் கேட்டார். உள்ளே ஆள் இருக்கிறதா. அது முடிந்த பிறகுதான் மற்ற எல்லாம்.

தலைவரை வெளியே கொண்டுவருவது லேசாக இல்லை. "ட்ராக்டர் வந்தாப் போதுங்க சார், நான் ஸ்டேரிங் புடிக்கோணும்" என்று உள்ளேயே இருந்தார். மன்றாடினேன், அசையவில்லை. கடைசியில் ஒரு பொய் சொன்னேன். "சார், இழுக்கற கயிறு எங்ககிட்ட இல்லைங்க. உங்க கயித்தைக் கொண்டாந்து குடுத்தீங்கன்னாத்தான் ஆகும்!" உடனே கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் தடுமாறிக் கரை ஏறிவிட்டார்.

ஏறிப் பார்த்தால் மூட்டைகளின் மேல் சரசக்கா உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் பால் கேன். அவர் யாரையும் திட்டவில்லை. தலைவருக்குப் பக்கத்தில் இடம் காட்டினார்.

"உக்காருங்க சார். மூச்சு வாங்குது பாருங்க உங்களுக்கு."

"அக்கா, கொஞ்சம் எந்திரிச்சீங்கன்னா..."

"எந்திரிக்கலாமுங்க. உங்க வண்டி போனா இன்னொண்ணு செஞ்சு குடுக்க ஆளு இருக்குது. இந்தத் தண்ணிய ஆருங்க செஞ்சு குடுக்கறது?" கயிற்றைத் தலைவரின் தோளிலிருந்து வாங்கித் தடவிப் பார்த்தார். "கயிறு கெட்டியா இருக்குதுங்க" என்று அதையும் சுருட்டி மூட்டை மேல் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

தலைவர் என்னைப் பார்த்தார். "பிரிக்க முடியாதுங்க சார்" என்றேன். என் பணிக்காலத்தில் நேருக்கு நேராக ஒருவரிடம் நான் சொன்ன முதல் "முடியாது" அதுதான். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. எனக்கு வந்தது, அவருக்கு அல்ல.

தண்ணீர் வந்தது. செம்மண் நிறத்தில், முன்னால் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வாய்க்காலில் ஏறியது. மூட்டைகளை முட்டியது. மூட்டைகள் அசையவில்லை. ஊர் விசிலடித்தது. நான் ஒற்றைச் செருப்போடு மூட்டை மேல் ஏறி நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டேன். யாராவது படம் எடுக்கிறார்களா என்றும் பார்த்தேன்.

குளத்து முகப்பில் தண்ணீர் ஏன் இவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்று யாரோ கேட்டார்கள். "மொதல்ல அப்படித்தானுங்க இருக்கும்" என்று விளக்கினேன். ஒரு மணி நேரம் விளக்கினேன்.

தலைவர் தன் வண்டி முங்குவதைப் பார்க்க முடியாமல் கரையோடு மேற்கே தனியாக நடந்து போயிருந்தார். அங்கிருந்து கையாட்டிக் கூப்பிட்டார். அப்போதும் மரியாதை குறையவில்லை.

"சார், இங்க பனமரத்துக்கிட்டத் தண்ணி ஆத்துக்குள்ள கொட்டுதுங்க. இது நீங்க வேணும்னே உடறதுங்களா?"

ஓடினேன். இடுப்பளவு வெட்டிய என் குழி இப்போது ஒரு மாட்டு வண்டி போகும் அகலத்துக்கு அரித்துக்கொண்டு, குளத்துக்குப் போகும் தண்ணீரை ஆற்றில் கொட்டிக்கொண்டிருந்தது.

அதை அடைத்தவர்கள் அந்த ஜீப்காரர்கள். எங்கள் துறையில் இருப்பதைவிட நல்ல மண்வெட்டிகள் அவர்களிடம் இருந்தன. சேற்றில் சக்கரத்துக்கு அடியில் போடும் பலகைகளைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்தினார்கள். தார்ப்பாய் விரித்து மண்ணைத் தள்ளினார்கள். தலைவர் மார்பளவு தண்ணீரில் நின்று பலகையைப் பிடித்திருந்தார். சரசக்கா தான் உட்கார்ந்திருந்த கயிற்றைக் கொண்டுவந்து, பலகைகளைப் பனைமரத்தோடு சேர்த்துக் கட்டக் கொடுத்தார். மாலை நான்கு மணிக்குத்தான் ஓட்டை அடைந்தது. இரண்டு நாளில் ஆற்றில் தண்ணீர் வரத்தும் நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் மேடம் வந்தார். எல்லாரும் நின்றோம். "புங்கமரத்துக்கிட்ட ஜீப் தடம் போட்டது தெரியும். பனமரத்துக்கிட்ட எப்படியாச்சுங்கண்ணா?"

ஒரு வார்த்தை போதும். ஜீப் என்று சொன்னால் ஊரே நம்பும். எங்கள் புகாருக்கும் பலம். தலைவரே அங்கு நின்றார். அவர்கூட மறுத்திருக்க மாட்டார், தன் ஆட்களில் யாரோதான் என்று நினைத்திருப்பார். என் மூளை இவ்வளவு வேகமாக அதற்கு முன்னும் பின்னும் வேலை செய்ததில்லை. அப்போது சரசக்கா என்னைப் பார்த்தார். படிச்சவிய சொன்னாச் சரிதானுங் என்கிற அதே பார்வை.

"நான் வெட்டுனதுங்க மேடம்" என்றேன்.

மேடம் குறிப்பேட்டை என்னிடம் நீட்டினார். "எழுதுங்கண்ணா." எழுதினேன். முத்து முத்தாக.

ஆற்றில் வண்டி ஓட்ட அந்த வருடக் கடைசியில் மாவட்ட அலுவலகம் தடை போட்டது. மேடம் மறுபடி எழுதிய கடிதத்தில் என் குழியும் இருந்தது. அதனால்தான் மற்ற வரிகளையும் நம்பினோம் என்று விசாரணைக்கு வந்த அதிகாரி சொன்னார். தலைவரின் ஜீப்பைப் பத்து நாள் கழித்து ட்ராக்டர்கள்தான் இழுத்தன, மோருடன். அவர் அதைச் சரிபார்த்து விற்றுவிட்டார். வாங்கியவர் வேறு ஏதோ ஆற்றில் ஓட்டுவதாகக் கேள்வி.

குளத்தில் தண்ணீர் பதினோராம் படி வரைதான் ஏறியது. சரசக்கா அந்த வருடம் வெங்காயம் நடவில்லை.